அந்த அறுபது பேர்

'நான் சீரியல் எல்லாம் பார்க்கிறதில்லை சார்' என்று சொல்லும் ஆண்களைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஹாலில், டி.வி.க்கு நேர் எதிர் நாற்காலியில், பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அவர்கள் சீரியல் பார்க்கிறதில்லை. கதாநாயகியின் நாத்தனார் எத்தனையாவது தடவையாகக் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள், பேப்பருக்குப் பின்னாலிருந்து பட்டென்று பதில் வரும்.

போகட்டும். பார்ப்பவர்களுக்கும் இப்படிப் பார்க்காதவர்களுக்கும் சேர்த்து ஒரு சின்னப் பரீட்சை வைக்கிறேன்.

'சித்தி' ஞாபகம் இருக்கிறதா? 1999 டிசம்பரில் ஆரம்பித்து 2001 வரை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தையே மாற்றி வைத்த சீரியல். ராதிகா என்பீர்கள். டைட்டில் பாட்டு? பாடியது நித்யஸ்ரீ, இசை தினா, எழுதியது வைரமுத்து. சபாஷ். 'மெட்டி ஒலி'? திருமுருகன் இயக்கினார், கோபியாக அவரே நடிக்கவும் செய்தார். 'கோலங்கள்'? தேவயானி, இயக்கம் திருச்செல்வம். நூற்றுக்கு நூறு.

அடுத்த கேள்வி. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு கேமரா பிடித்தவர் யார்? எடிட்டர் யார்? தேவயானி முகத்தில் வெளிச்சம் சரியாக விழும்படி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற லைட்மேன்களில் ஒருவர் பேர்? ஒரே ஒருவர்?

தெரியாதில்லையா? உங்கள்மேல் தப்பில்லை. தெரியாதபடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

முதலில் கணக்கு. 'கோலங்கள்' 2003-லிருந்து 2009 வரை 1,500 எபிசோடுக்கு மேல் ஓடியது. விளம்பரத்தைக் கழித்துவிட்டு எபிசோடுக்கு 20 நிமிஷம் என்று வைத்தாலும் 500 மணி நேரம். இரண்டரை மணி நேர சினிமாவாகப் போட்டால் 200 படம். ஆறு வருஷத்தில் 200 படம்! 2014-ல் ஆரம்பித்து 2022-ல் முடிந்த 'சந்திரலேகா' 2,300 எபிசோடுகளைத் தாண்டியது. கோடம்பாக்கத்தில் எந்தப் பெரிய டைரக்டரும் ஆயுசுக்கும் எடுக்காத நீளம். தரத்தைப் பற்றி உங்களுக்கு ஆயிரம் புகார் இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் இவ்வளவையும் எடுத்தது யார்?

அதற்கு ஒரு கணக்கு 2020-ல் தற்செயலாகக் கிடைத்தது. மார்ச்சில் கொரோனாவுக்காக ஷூட்டிங் எல்லாம் நின்றது. மே மாதம் தமிழக அரசு, சின்னத்திரைப் படப்பிடிப்பு நடத்திக்கொள்ளலாம், ஆனால் 20 பேருக்கு மேல் கூடாது என்று சொன்னது. இருபது பேரை வைத்துக்கொண்டு எப்படி எடுப்பது என்று பெப்சி தரப்பில் முறையிட்டார்கள். மாசக் கடைசியில் அதை 60 ஆக்கினார்கள். அதாவது, நாலு பேர் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொள்ளும் காட்சிக்கு, உயிர்ப் பயம் இருந்த காலத்திலும், குறைத்துக் குறைத்துப் பார்த்தும் அறுபது பேர் வேண்டியிருந்தது.

அந்த அறுபது பேர் என்ன செய்கிறார்கள்? வளசரவாக்கம், சாலிகிராமம் பக்கம் வாடகைக்கு எடுத்த பங்களா. காலையில் யூனிட் வேன் வந்து லைட், டிராலி எல்லாம் இறங்கும். பக்கத்துத் தெருவில் ஜெனரேட்டர் உறுமும். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டுவார்கள், ஏனென்றால் பகல் பதினொரு மணிக்கு ராத்திரி பதினொரு மணிக் காட்சி எடுக்க வேண்டும். வசனம் பல நாள் சுடச்சுட அன்றைக்குத்தான் வரும். அதை அசிஸ்டென்ட் டைரக்டர் ஒருவர், தமிழ் தெரியாத ஹீரோயின் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்லிக் கொடுப்பார். பிறகு கேமராவுக்குப் பக்கத்தில் நின்று பிராம்ப்டிங்கும் அவரேதான். இன்னொரு அசிஸ்டென்ட் கையில் கன்டினியூட்டி நோட்டு. வாசலில் செருப்பைக் கழற்றும் ஷாட்டை மூன்றாம் தேதி எடுத்திருப்பார்கள், உள்ளே நுழையும் ஷாட்டைப் பதினேழாம் தேதி எடுப்பார்கள். நடுவில் பதினாலு நாள். ஆனால் பொட்டு அதே இடத்தில், பூ அதே அளவு வாடி, புடவைத் தலைப்பு அதே தோளில் இருக்க வேண்டும். மாறிப்போனால் நீங்களும் நானும் வீட்டில் உட்கார்ந்து சிரிப்போம். மாறாமல் இருந்தால் அதைப் பார்த்துக்கொண்ட ஒரு ஆள் இருந்தார் என்பதே நமக்குத் தெரியாது. வேலையைச் சரியாகச் செய்தால் கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் இந்தத் தொழிலின் விசித்திரம்.

அப்புறம் டப்பிங். திரையில் அழுகிற பெண் பெங்களூரிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வந்திருப்பார். அழுகிற குரல் சென்னையில் ஒரு இருட்டு ஏ.சி. அறையில் மைக் முன்னால் நிற்கும் வேறொரு பெண்ணுடையது. ஒரே நாளில் மூன்று சீரியலுக்கு மூன்று விதமாக அழுதுவிட்டு, தொண்டையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவார். உங்கள் அம்மா கண்ணீர் விடுவது பாதி அந்தக் குரலுக்கு. அதன் பேர் என்ன?

2000-களில் இந்தப் பேர்கள் திரையில் வரத்தான் செய்தன. டைட்டில் பாட்டு முழுசாக ஓடும். பாட்டு பிடித்துப்போய் நாம் பார்த்துக்கொண்டிருப்போம், ஒவ்வொரு கார்டாகப் பேர் வரும், போகும். பிறகு பாட்டு சுருங்கியது. இப்போது பல சீரியல்களில் டைட்டில் ஒரு தும்மல் நேரம்தான். கடைசியில் ஓடும் பட்டியல் திரையின் ஒரு மூலைக்கு ஒதுக்கப்பட்டு, மீதி இடத்தில் அடுத்த சீரியலின் ப்ரோமோ. பல்லவன் எக்ஸ்பிரஸ் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் நிற்கும் நேரம்கூட அந்தப் பட்டியலுக்குக் கிடையாது. ஓ.டி.டி.யில் கேட்கவே வேண்டாம். ஆரம்பத்தைத் தாண்ட ஒரு பொத்தான், முடிவைத் தாண்ட ஒரு பொத்தான். நடுவில் இருக்கும் கதை தானாக முளைத்தது போலிருக்கிறது.

'பேர் வராவிட்டால் என்ன, சம்பளம் வருகிறதே' என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில், வடக்குச் சித்திரை வீதிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா. மகன் திருச்சியில் காலேஜ் முடித்துவிட்டு, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், ஒரு சீரியலில் உதவி இயக்குநராகச் சேர்ந்தான். அம்மா தினமும் அந்த சீரியலைப் பார்ப்பார். கதைக்காக அல்ல, கடைசிப் பத்து விநாடிக்காக. போனைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு டி.வி. பக்கத்தில் போய் நிற்பார். நாலைந்து நாள் தவறவிட்டு, ஒருநாள் பிடித்துவிட்டார். கொஞ்சம் கலங்கலாக, ஓரத்தில், ஆறு பேருக்கு நடுவில் மகன் பேர். அந்தப் படத்தை எனக்கும் காட்டினார், தெருவுக்கே காட்டினார். பிறகு அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள், ப்ரோமோ வந்துவிட்டது.

அப்புறம் ரேட்டிங் விழுந்து சீரியலைப் பாதியில் நிறுத்தினார்கள். மூன்று மாசச் சம்பளம் பாக்கி. போய்க் கேட்டால், 'நீ எப்ப தம்பி எங்ககிட்ட வேலை பார்த்தே? மேனேஜர் மாறிட்டாரே' என்றார்களாம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. சம்பளம் பாதி கவரில், பாதி வாய்வார்த்தையில். அவன் அங்கே வேலை செய்தான் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி, அம்மாவின் போனில் இருந்த அந்தக் கலங்கல் படம். அடுத்த கம்பெனியில் வேலை கேட்டபோதும் அதைத்தான் காட்டினான். வேலை கிடைத்தது. பாக்கி வரவில்லை.

ஆக, பேர் என்பது வெறும் ஜம்பம் அல்ல. எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் கொடுக்காத தொழிலில் அதுதான் சர்ட்டிபிகேட்.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1981-ல் சினிமாத் தொழிலாளர்களுக்கென்று ஒரு மத்தியச் சட்டம் போட்டார்கள். எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ரொம்ப நல்ல சட்டம், ஆனால் சினிமாவுக்கு மட்டும். சென்னையில் தூர்தர்ஷன் வந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது, சீரியல் என்ற யானை ஊருக்குள் வரும் என்று யாருக்குத் தெரியும்? 1993-ல் சன் டி.வி. வந்தது, மெகா சீரியல் வந்தது, ஆயிரக்கணக்கானவர்கள் இதையே பிழைப்பாக்கிக்கொண்டார்கள். சட்டம் மட்டும் சினிமாக் கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. டி.வி.யையும் வெப் சீரிஸையும் டப்பிங் கலைஞர்களையும் சேர்த்து எழுதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2020-ல் பார்லிமென்ட்டில் நிறைவேறி, 2025 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. நடுவில் ஒரு தலைமுறை வேலைக்குச் சேர்ந்து, முதுகு ஒடிந்து, ரிட்டயரே ஆகிவிட்டது.

காப்பிரைட் சட்டத்தில் இன்னொரு வேடிக்கை. 2012-ல் அதைத் திருத்தினார்கள். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமையைக் கெட்டிப்படுத்திய நல்ல திருத்தம் அது. நடிப்பவர்களுக்கும் தன் பேரைச் சொல்லச் சொல்லும் உரிமை கொடுத்தார்கள். கூடவே ஒரு வரி. ஒரு படத்தில் ஒருவருடைய பங்கு சிறியதாக, போகிற போக்கில் வருவதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பேர் டைட்டிலிலோ வேறெங்குமோ போடப்படாது என்றால், ஒரு சின்ன விலக்கு நீங்கலாக, அவர் சட்டப்படி கலைஞரே அல்ல! கல்யாண சீனில் பின்னால் நாலு மணி நேரம் நின்ற ஆள் நடிகர் இல்லை, ஏனென்றால் அவர் பேர் போடுகிற வழக்கம் இல்லை. பேர் ஏன் போடவில்லை? அவர் நடிகர் இல்லையே, அதனால். இந்த வட்டத்துக்குள் அகப்பட்டுக்கொண்டால் வெளியே வர வழி சொல்லுங்கள் பார்ப்போம். நடிப்பவருக்கே இந்தக் கதி. லைட் பிடிப்பவரைப் பற்றி அந்தப் பிரிவு பேசவே இல்லை.

அமெரிக்காவில் 2023-ல் டி.வி., சினிமா எழுத்தாளர்கள் 148 நாள் ஸ்டிரைக் செய்தார்கள். அங்கே மறு ஒளிபரப்பானால் எழுத்தாளருக்குப் பணம் போகும், கிரெடிட்டில் பேர் இருந்தால். அதனால்தான் ஒரு பேருக்காக அங்கே பஞ்சாயத்து வரை போகிறார்கள். இங்கே 2020 ஊரடங்கில் 'மெட்டி ஒலி'யை மறுபடி போட்டார்கள், வீடே உட்கார்ந்து பார்த்தது. அன்றைக்கு வேலை இல்லாமல் வீட்டில் முடங்கியிருந்த லைட்மேனும் பார்த்திருப்பார், தான் கட்டிய வெளிச்சத்தை. தினக்கூலிக்காரருக்கு மறு ஒளிபரப்பில் பங்கு என்ற பேச்சே நம் ஊரில் கிடையாது.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு எதற்கு' என்று ஒரு கட்சி இருக்கிறது. அவர்களை எங்கள் ஊருக்குக் கூப்பிடுகிறேன்.

கதையில் 'ஸ்ரீரங்கத்துப் பெண்' என்று யாராவது வந்தால் சீரியல்காரர்கள் இங்கே ஒருநாள் வருவார்கள். 236 அடி ராஜகோபுரத்தைத் தரையிலிருந்து அண்ணாந்து ஒரு ஷாட், காவிரிப் பாலம் ஒரு ஷாட், அம்மா மண்டபத்தில் யாரோ முங்கி எழும் ஒரு ஷாட். அத்தோடு ஸ்ரீரங்கம் முடிந்தது, பாக்கி வீடு வளசரவாக்கத்தில். இன்னும் அரை நாள் இருந்து கோயிலுக்குள் போயிருந்தால் ஒன்றைப் பார்த்திருக்கலாம். நம்பெருமாள் புறப்பாட்டில் பெருமாளைத் தோளில் சுமப்பவர்களுக்கு 'கூலி ஆள்' என்று பேரில்லை, 'ஸ்ரீபாதம்தாங்கிகள்' என்று பேர். நடை ஒரே சீராக, ஒரே ஆள் நடப்பது போலிருக்கும். கோயிலில் யார் யாருக்கு என்ன வேலை, என்ன மரியாதை என்பதையெல்லாம் 'கோயிலொழுகு' எழுதியே வைத்திருக்கிறது. பரம்பரை பாத்தியதை, அதில் இருக்கும் சாதி எல்லாம் தனி விவாதம், அதை நான் மறைக்கவில்லை. ராஜகோபுரத்திலும் கொடுத்தவர்கள் பேர் தெரிகிற அளவுக்குச் செங்கல் சுமந்தவர்கள் பேர் தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் திருச்சியிலிருந்து பஸ் ஏறி ஒன்றரை மணி நேரத்தில் தஞ்சாவூர் பெரிய கோயிலில் இறங்குங்கள். ராஜராஜன் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பேரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். வெறும் பேர் அல்ல. எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனாவது வீடு, ஆளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல். நட்டுவனார்கள், வாத்தியக்காரர்கள், தையல்காரர், நாவிதர், துணி வெளுப்பவர், தச்சர், கணக்கர் என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனுக்கும் அதே கோயில் கல்லில் இடம் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின டைட்டில் கார்டு, சார்! சம்பளத்தோடு! நாவிதர் பேர் வரை போடச் சொன்ன ராஜாவின் மண்ணில், மேக்கப்மேன் பேரைப் போட இடமில்லை என்கிறார்கள். அந்தப் பெண்கள் தாங்களாக விரும்பி வந்தார்களா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பேர் எழுதி வைத்ததால்தான் இன்றைக்கு அதைக் கேட்கவே முடிகிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். திருச்சி வானொலி 1939 மே 16-ல் ராஜாஜி தொடங்கி வைத்தது. வாலி சினிமாவுக்குப் போவதற்கு முன், ஸ்ரீரங்கத்திலிருந்து அதற்குக் கதையும் நாடகமும் எழுதிக்கொண்டிருந்தார். ரேடியோ நாடகம் முடிந்ததும் ஒரு குரல் நிதானமாக வரும். எழுதியவர் இன்னார், பங்கு பெற்றோர் இன்னார் இன்னார், தயாரித்தவர் இன்னார். ரேடியோவில் ஒரு நல்ல குறை, பேர்களை ஓரமாக ஒதுக்க முடியாது, வேகமாக ஓட்டவும் முடியாது. சொன்னால் காதில் விழுந்தே தீரும். 1960-களில் அந்த வானொலி ஏ.டி.டி. 27 என்ற நெல்லைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லி, டெல்டா விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். தனக்குச் சேதி சொன்னவனை நெல் விதைத்தவன் மறக்கவில்லை.

சேனல்காரர்களின் பதிலும் எனக்குத் தெரியும். 'ஜனங்கள் பார்க்க மாட்டார்கள், சேனல் மாற்றிவிடுவார்கள், பத்து செகண்ட் விளம்பரம் என்ன விலை தெரியுமா?' தெரியும். அந்த பத்து செகண்டை விற்க முடிவதே அதற்கு முன்னால் இருபது நிமிஷத்தை அறுபது பேர் எடுத்துக் கொடுத்ததால்தான். ஜனங்கள் பார்க்க மாட்டார்கள் என்பதும் பொய். பட்டியல் ஓடிய காலத்தில் அதைப் பார்க்கிறவர்கள் இருந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் ஒரு அம்மாவையாவது எனக்குத் தெரியும். ஒவ்வொரு பேருக்கும் அப்படி ஒரு அம்மா, ஒரு மனைவி, ஸ்கூலில் போய்ச் சொல்ல ஒரு குழந்தை.

தினமும் போடச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஆறு எபிசோடு. சனிக்கிழமை ஒருநாள் மட்டும், ப்ரோமோ இல்லாமல், முழுத் திரையில். கார்டுக்கு நாலு பேர், அறுபது பேருக்குப் பதினைந்து கார்டு. ஒரு கார்டு நாலு செகண்ட். மொத்தம் ஒரு நிமிஷம்.

நேற்று ராத்திரி ஒரு சீரியலில், மருமகள் வாசலில் வந்து நிற்கிறாள், மாமியார் திரும்பிப் பார்க்கிறார். இடது பக்கத்திலிருந்து ஒருமுறை, வலது பக்கத்திலிருந்து ஒருமுறை, நேராக ஒருமுறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு இடி. பிறகு வீட்டில் இருந்த ஏழு பேரின் முகமும் வரிசையாக. வாட்ச்சை வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிஷம் பத்து செகண்ட்.